மேளக்காரரின் கண்

கேள்வி:

டாக்டர் ஐயா, திருச்சுழியிலிருந்து எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் அக்கா மகனைப் பற்றிக் கேட்க வேண்டும். வயது 27, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அத்தான் அருப்புக்கோட்டையில் தறி ஓட்டியவர். போன மாசி மாதம் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திரிக்கவில்லை. இவன் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் நீர்மாலை எடுத்து முடித்துவிட்டார்கள். கேதத்துக்கு வந்த பெண்கள் அவனைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அவன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அன்றைக்கு மூடிய வாய்தான். சரியாகத் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு படுத்துக் கிடக்கிறான்.

மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கினோம். கொஞ்ச நாள் சாப்பிட்டான், நிறுத்திவிட்டான். இப்போது நண்பர்களோடு கொடைக்கானல் போய்ப் போதைக் காளான் சாப்பிடப் போகிறேன் என்கிறான். "சித்தி, அமெரிக்காவில் பெரிய ஆஸ்பத்திரியிலேயே இதைக் கொடுத்து, கண்ணைக் கட்டிவிட்டுப் பாட்டுப் போடுகிறார்கள். பாட்டுதான் ஆளைக் குணப்படுத்துகிறது. 'நான்' என்பதே கரைந்துபோகும். ரமணர் பிறந்த ஊர்க்காரி, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்கிறான். போனில் ஒரு பாட்டுப் பட்டியலும் வைத்திருக்கிறான், ஏழெட்டு மணி நேரம் ஓடுமாம்.

அக்காவோ, அப்பன் ஆவி பிடித்திருக்கிறது, கோடாங்கியிடம் கூட்டிப்போகலாம் என்று நிற்கிறாள். அது மூடநம்பிக்கை என்று நான் தடுத்தேன். ஆனால் ராத்திரி படுத்தால் எனக்கே ஒரு கேள்வி. நம் ஊரில் உடுக்கை அடித்தால் மூடநம்பிக்கை, அங்கே ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால் வைத்தியமா? இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

— ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சுழி

பதில்:

அம்மா, முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். தம்பி கொடைக்கானலுக்குப் போக வேண்டாம். காரணத்துக்குப் பிறகு வருகிறேன். ஆனால் "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் அவர் நிற்கமாட்டார். அவர் படித்துவிட்டு வந்ததில் பாதி உண்மை. அந்தப் பாதியை நாம் மதித்துப் பேசினால்தான் மற்றதுக்குக் காது கொடுப்பார்.

அந்தப் பாதி இதுதான். லண்டன் இம்பீரியல் கல்லூரியில், வழக்கமான மருந்துகளுக்குத் தணியாத மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, போதைக் காளானில் இருக்கும் சைலோசைபின் என்ற பொருளை அளந்து மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். படுக்கை, கண்கட்டு, காதில் இசை, பக்கத்தில் இரண்டு சிகிச்சையாளர்கள். அப்படிச் சிகிச்சை பெற்ற 19 பேர் இசையை எப்படி உணர்ந்தார்கள் என்று மெண்டல் கேலன் என்ற ஆய்வாளர் தனியாக விசாரித்து 2018-ல் எழுதினார். ஒலித்த இசை யாருக்குப் பிடித்திருந்ததோ, யாருடைய அப்போதைய மனநிலையோடு அது ஒட்டிப் போனதோ, யார் அதற்கு இடம் கொடுத்தார்களோ, அவர்களுக்கு ஒரு வாரம் கழித்து மனச்சோர்வு அதிகம் குறைந்திருந்தது. மருந்து எவ்வளவு பலமாக ஏறியது என்பதை வைத்து அப்படிச் சொல்ல முடியவில்லை. அதனால் அவர் இசையை 'மறைந்திருக்கும் சிகிச்சையாளர்' என்று அழைத்தார். 19 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். இசை இல்லாமல் மருந்து மட்டும் கொடுத்த ஒரு குழுவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவில்லை. ஆனாலும் இந்தத் துறையில் இருப்பவர்கள் யாரும் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏன் இப்படி? சூரிச் நகரத்தில் கத்ரீன் பிரெல்லர் குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு வழி காட்டுகிறது. ஆளுக்கு ஆள் நெஞ்சுக்கு நெருக்கமான பாட்டு எது என்று கேட்டு வாங்கிக்கொண்டு, அவற்றோடு அவர்களுக்கு ஒன்றுமே தோன்றாத பாட்டுகளையும் கலந்து, எல்.எஸ்.டி. கொடுத்துவிட்டுக் கேட்க வைத்தார்கள். ஒன்றுமில்லாத பாட்டும் அப்போது ஏதோ பெரிய சேதி சொல்வதுபோல் இருந்தது. மூளையில் செரடோனின் 2ஏ என்ற வாசலை இன்னொரு மருந்தால் அடைத்துவிட்டுக் கொடுத்தபோது அந்த மாயம் நிகழவில்லை. ஆக, இந்த மருந்துகள் செய்கிற வேலையில் ஒன்று, எதைக் கேட்டாலும் அதில் அர்த்தம் ஊறும்படி மனதை இளக்கிவிடுவது. இளகிய மெழுகில் எது அழுந்தினாலும் பதியும். நல்லதும் பதியும், கெட்டதும் பதியும். கேலன் விசாரித்தவர்களிலேயே, சில இடங்களில் இசை தங்களை வேண்டாத பக்கம் இழுத்தது, அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்று சொன்னவர்கள் உண்டு. தம்பியிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

அவர் போனில் வைத்திருக்கும் பட்டியலுக்கு வருகிறேன். அதற்கு அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் பால்டிமோர் பக்கத்திலிருந்த மேரிலாண்ட் மனநல ஆய்வு மையத்தில், குடிநோயாளிகளுக்கும் புற்றுநோயில் கடைசி நாட்களில் இருந்தவர்களுக்கும் எல்.எஸ்.டி. கொடுத்து ஆராய்ந்தார்கள். அங்கே இசையைத் தேர்ந்தெடுத்தவர் ஹெலன் பானி. வயலின் பயின்றவர், இசைச் சிகிச்சையாளர். அவரும் வால்ட்டர் பாங்கே என்ற மருத்துவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1972-ல் வந்தது. பின்னால் வந்த பல பட்டியல்களுக்கு அதுதான் மூலம். எல்.எஸ்.டி.யின் நீண்ட பகலை அவர்கள் ஆறு கட்டமாகப் பிரித்தார்கள்: மருந்து ஏறுவதற்கு முன், ஏறத் தொடங்கும்போது, உச்சத்தை நோக்கிப் போகும்போது, உச்சம், இறங்கும்போது, பழைய நிலைக்குத் திரும்பும்போது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இசை. கேட்பவருக்குப் புரியும் வார்த்தைகள் உள்ள பாட்டைப் பெரும்பாலும் தவிர்த்தார்கள். வார்த்தை வந்தால் மனம் அதைப் பிடித்துக்கொண்டு யோசிக்கத் தொடங்கிவிடும்.

இந்த ஆறு கட்டத்தை முதன்முதலில் படித்தபோது எனக்குக் களரிதான் ஞாபகம் வந்தது. மாசிக் களரியில் குலதெய்வக் கோயில் முன்னால் கொட்டு எப்படித் தொடங்குகிறது? மெதுவாக, கூட்டம் சேர்கிறவரை. அப்புறம் அழைப்பு. உடுக்கை முறுகும், உறுமி இழையும், சாமியாடியின் காலில் ஒரு நடுக்கம் தெரியும். அதைப் பார்த்துக் கொட்டு நெருங்கும். சாமி இறங்கும். வாக்குச் சொல்லும். பிறகு திருநீறு போட்டு, தண்ணீர் கொடுத்து, சாமி 'மலையேறும்'. அப்போது கொட்டும் தணிந்துவிட்டிருக்கும். பால்டிமோரில் காகிதத்தில் எழுதியதை நம் கொட்டுக்காரர்கள் கையில் வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் இரண்டும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒரு விஷயத்தில் ஒன்று. 1960-களின் தொடக்கத்தில் ஆண்ட்ரூ நெஹர் என்ற ஆய்வாளர், கொட்டின் வேகம் மூளை அலையைத் தன் பக்கம் இழுத்து ஆளை மயக்குகிறது என்று வாதித்தார். இன்றைக்கும் இத்தனை ஹெர்ட்ஸ் ஒலி இன்ன நோயைத் தீர்க்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதே எண்ணம்தான். பிரெஞ்சு ஆய்வாளர் கில்பர்ட் ரூஜே உலகெங்கும் உள்ள ஆவேசச் சடங்குகளைத் திரட்டி 1980-ல் எழுதிய பெரிய நூலில் இதை மறுத்தார். உங்களுக்கும் அது கண்ணால் பார்த்த விஷயம். களரியில் அதே கொட்டைப் பலூன்காரர் கேட்கிறார், பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் கேட்கிறார், அடிக்கிற மேளக்காரரே கேட்கிறார். அவர்களுக்குச் சாமி வருவதில்லை. விரதம் இருந்த, இந்தச் சாமி தன்மேல்தான் வரும் என்று ஊரும் தானும் அறிந்த ஒருவருக்கு வருகிறது. ஒலி மட்டும் போதாது. அந்த ஒலிக்கு அந்த ஆளிடம் ஒரு பொருள் இருக்க வேண்டும், சுற்றி நிற்பவர்கள் அதை அறிந்திருக்க வேண்டும்.

ஆய்வகத்திலும் இதே சேதிதான் கிடைக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் புகையை விட வந்த 10 பேருக்குச் சைலோசைபினோடு ஒரு நாள் மேல்நாட்டுச் செவ்வியல் இசையும், இன்னொரு நாள் பெரிய மணித்தட்டு, திபெத்தியக் கிண்ணம் போன்றவற்றின் ஓசையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. தம்பி வைத்திருப்பது மந்திரப் பட்டியல் இல்லை, அம்மா. பால்டிமோர்க்காரர் நெஞ்சை இளக்கும் பிராம்ஸின் செவ்வியல் இசை அருப்புக்கோட்டைத் தறிவீட்டுப் பிள்ளையை என்ன செய்யும் என்று யாரும் பார்த்ததில்லை.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றால், மேளக்காரரின் கண்ணில். அவர் சாமியாடியின் காலைப் பார்த்துக்கொண்டே அடிக்கிறார். கால் தடுமாறினால் கொட்டை மாற்றுவார், ஆள் சாய்ந்தால் பிடிக்க நாலு பேர் நிற்பார்கள். ஆய்வகத்தில் அந்த வேலையைச் சிகிச்சையாளர்கள் செய்கிறார்கள். பட்டியல் தயாராக இருந்தாலும் பக்கத்திலிருந்து எழுந்திரிப்பதில்லை. மெக்ஸிகோவின் வாஹாகா மலைநாட்டில் மரியா சபினா என்ற மசாத்தெக் மூதாட்டி இரவெல்லாம் தானே பாடி, கை தட்டி, நோயாளியைக் காளானோடு கடத்திக்கொண்டு போவார். அவருக்குப் பாட்டுதான் மருந்து, காளான் அதற்குக் கதவு. 1955-ல் கார்டன் வாசன் என்ற அமெரிக்க வங்கியாளர் அந்தச் சடங்கில் கலந்துகொண்டு, 1957-ல் லைஃப் பத்திரிகையில் எழுதினார். அதன்பிறகு அந்த ஊருக்குக் கூட்டம் கூட்டமாக இளைஞர்கள் போய்க் காளானை மட்டும் தின்றார்கள். பாட்டை யாரும் கேட்கவில்லை. ஊர் அவர்மேல் கோபப்பட்டது, அவர் வீடு எரிக்கப்பட்டது, வறுமையில் இறந்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. கொடைக்கானலில் நடப்பதும் இதுதான். காளான் கிடைக்கும், பாடுகிறவர் கிடைக்கமாட்டார்.

இப்போது அந்தக் காரணங்கள். சைலோசைபின் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் தடை செய்யப்பட்ட பொருள். பையில் அது இருந்தாலே வழக்கு. இந்தியாவில் எந்த ஆஸ்பத்திரியிலும் இது சிகிச்சையாகக் கொடுக்கப்படுவதில்லை. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும், குறிப்பிட்ட நோயாளிகளுக்கு மட்டும் கொடுக்கலாம். சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும், மலையில் பறித்த காளானில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதைப்போலவே இருக்கும் விஷக் காளான்கள் ஈரலை அழித்துவிடும். ஆய்வுகளில் நெருங்கிய சொந்தத்தில் யாருக்காவது மனச்சிதைவோ இருமுனை நோயோ இருந்தால் சேர்த்துக்கொள்வதே இல்லை, ஏனென்றால் உள்ளே உறங்குவதை அது எழுப்பிவிடலாம். உங்கள் குடும்பத்தில், அத்தான் பக்கம், யாருக்காவது அப்படி இருந்ததா என்று நண்பர்களில் யார் கேட்பார்கள்? மதுரையில் கொடுத்த மாத்திரை எது என்றும் எனக்குத் தெரிய வேண்டும். லித்தியம் சாப்பிடுகிறவர் இதைச் சாப்பிட்டால் வலிப்பு வரலாம். எல்லாவற்றுக்கும் மேலே, எட்டு மாதம் அழாமல் கிடக்கும் ஒரு பிள்ளை, தாங்களும் போதையில் இருக்கும் நாலு பேர் நடுவில், இயர்போனை மாட்டிக்கொண்டு, அப்பாவின் சாவை முதன்முதலாக நேருக்கு நேர் பார்க்கப் போகிறார். மலை விளிம்பில். வேண்டாம், அம்மா.

கோடாங்கி விஷயத்தில் நீங்கள் தடுத்தது சரிதான். ஆனால் உங்கள் காரணத்தோடு நான் முழுக்க ஒத்துப்போகவில்லை. 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராமும் மற்றவர்களும் செய்தது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த மனநோயாளிகள் 31 பேரைப் பார்த்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். நோயின் கடுமையை அளக்கும் அளவுகோலில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பல மருந்துகள் தரும் பலனுக்கு அது சமம். அங்கே விசேஷமான சடங்கு எதுவும் கிடையாது. காலையில் சின்ன வழிபாடு, கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கூட வீட்டு ஆள் ஒருவர். யாரும் அவர்களை விரட்டவில்லை, அவ்வளவுதான். அதே தமிழ்நாட்டில், உங்களுக்குப் பக்கத்து மாவட்டத்தில் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகினார்கள். இரண்டும் நம்பிக்கையின் பெயரால் நடந்த இடங்கள்தான். பார்த்துக்கொண்ட கண் ஓரிடத்தில் இருந்தது, இன்னோரிடத்தில் இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைக் குற்றமாக்கிவிட்டது. கோடாங்கி அடிக்காமல், மாத்திரையை நிறுத்தச் சொல்லாமல், ஆயிரக்கணக்கில் கேட்காமல் இருந்தால், அக்காவின் மன ஆறுதலுக்கு ஒருமுறை போய் வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தம்பி சம்மதிக்க வேண்டும். இப்போது அப்பன் ஆவி என்ற பேச்சு அவரை இன்னும் ஒதுக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ரமணரைப் பற்றி அவர் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. 1896-ல் மதுரையில், 16 வயதில், தான் இறந்துபோவதுபோன்ற அனுபவம் அவருக்கு வந்தபோது மருந்தும் இல்லை, இசையும் இல்லை. அதற்கும் நாலு வருஷம் முன்னால் தகப்பனார் இறந்திருந்தார். அனுபவத்துக்குப் பிறகு அவர் மீனாட்சி கோயிலுக்குப் போய், அறுபத்துமூவர் முன்னால் நின்று கண்ணீர் விட்டதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் ஊர்ப் பூமிநாதர் கோயிலைப் பாடிய சுந்தரரும் அந்த அறுபத்துமூவரில் ஒருவர்தான். தம்பியிடம் 'நான் கரைவதை' விட்டுவிட்டு இந்தக் கண்ணீரைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

ஏனென்றால் அவர் தேடுவது அதுதான் என்று எனக்குப் படுகிறது. அவர் பட்டியலிலுள்ள இசை எதற்காகத் தொகுக்கப்பட்டது? அடைத்துக் கிடக்கும் துக்கத்தை அவிழ்க்க. நம் ஒப்பாரியும் அதற்குத்தான். இறந்தவரின் குணத்தையும் கைவேலையையும் உறவையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, இழுத்து, நெஞ்சில் அடித்துப் பாடும்போது, பக்கத்தில் இருப்பவருக்கு அழ ஓர் இடம் கிடைக்கிறது. ஆனால் அது பெண்கள் கூடிச் செய்வது. ஆண்பிள்ளைக்கு அங்கே கொடுத்த வேலை கொள்ளிச்சட்டி தூக்குவது. நேரம் கடந்து வந்து சேர்ந்த மகனுக்கு அழ முறையே கிடைக்கவில்லை. அவர் கல்நெஞ்சர் என்று யாராவது வீட்டில் பேசியிருந்தால், அது அவர் காதில் விழுந்திருக்கும்.

1970-களில் எல்.எஸ்.டி. ஆய்வுகள் முடங்கியபோது ஹெலன் பானி தன் வேலையை விட்டுவிடவில்லை. மருந்தை எடுத்துவிட்டு, படுக்க வைத்து, நிதானப்படுத்தி, இசை கேட்க வைத்து, மனதில் எழுவதைக் கூடவே இருந்து பேச வைக்கும் முறையை உருவாக்கினார். அது இன்றும் நடக்கிறது. மனச்சோர்வுக்கு வழக்கமான சிகிச்சையோடு இசைச் சிகிச்சையும் சேர்ந்தால் முதல் சில மாதங்களில் கூடுதல் பலன் உண்டு என்று 2017-ல் 421 பேரைக் கொண்ட ஒன்பது ஆய்வுகளைத் தொகுத்த காக்ரன் அறிக்கை சொல்கிறது. இங்கே புதுச்சேரியில் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இசைச் சிகிச்சைக்கென்று ஒரு மையம் இருக்கிறது. அத்தனை தூரம் போகத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

முதலில் தம்பியை மறுபடி மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். எட்டு மாதம் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் இருப்பது சாதாரணத் துக்கத்தைத் தாண்டியது. மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்று திட்டாமல் கேளுங்கள். தூக்கக்கலக்கமோ, ஆண்களுக்கு வெளியே சொல்லக் கூச்சமான பக்கவிளைவோ காரணமாக இருக்கலாம், மாற்று உண்டு. பேச்சுச் சிகிச்சையும் கேளுங்கள். சாகத் தோன்றுகிறது என்று ஒருமுறை சொன்னாலும், அன்றைக்கே கூட்டிப்போக வேண்டும். ராத்திரி நேரமானால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

அத்தான் தறி ஓட்டியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். தறிவீட்டில் பெரும்பாலும் ஒரு ரேடியோ இருக்கும், நாடா ஓடும் சத்தத்துக்கு மேலே அது பாடிக்கொண்டே இருக்கும். உங்கள் அத்தான் தறியில் உட்கார்ந்து கேட்ட பாட்டுகள் எவை என்று அக்காவுக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும். ஒரு சாயங்காலம் அவற்றை வீட்டில் வெளியே கேட்கும்படி போடுங்கள். இயர்போனில் வேண்டாம். தம்பியை அழச் சொல்லாதீர்கள், எழுந்து போனால் விட்டுவிடுங்கள். நீங்களும் அக்காவும் முற்றத்தில் உட்கார்ந்து, பூக் கட்டுவதோ வத்தல் ஆய்வதோ, ஏதாவது கைவேலை பார்த்துக்கொண்டு, அந்த மனுஷன் எந்தப் பாட்டுக்கு எப்படித் தலையாட்டுவார் என்று பேசிக்கொண்டிருங்கள். அவர் அறையில் இருந்தே கேட்கட்டும். மாசியில் வருஷ திதி வருவதற்குள் இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அதற்குள் ஒருநாள் வெளியே வந்து, "இது அப்பா பாட்டு இல்லை சித்தி, அடுத்ததுதான்" என்று அவர் திருத்தினால், எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.